ஏரா சுமக்கும், முட்டு பிடிக்கும்

காலையில் டீக்கடைக்குப் போகும் முன் எனக்கு ஒரு நடை உண்டு. கரையேற்றி நிறுத்தியிருக்கும் படகைச் சுற்றி, கையில் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலோடு, ஒரு முழுச் சுற்று. ஒவ்வொரு முட்டுக்கட்டையின் மேலும் இடுப்பு உயரத்தில் மெல்ல ஒரு தட்டு. சரியாக இறுகி நிற்கும் சவுக்குக் கட்டை கணீரென்று பேசும். இரவில் மணல் இறங்கி இளகிப்போன கட்டை தொப்பென்று மந்தமாகக் கேட்கும். அளவுக்கு மீறிச் சுமை ஏறிய கட்டையின் சத்தம் வெடுக்கென்று உயர்ந்து சட்டென அடங்கிவிடும். பக்கத்துக்கு ஐந்தாக நிற்கும் பத்து முட்டும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசினால்தான் எனக்கு டீ இறங்கும்.

மண்டபம் வடகடல் கரையில் மரப்படகு வேலை செய்கிறவன் நான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. 2001-இல் இந்தத் தடைக்காலம் வந்தபோது 45 நாள். 2017 முதல் 61 நாள். மீனுக்கு அது இனப்பெருக்கக் காலம், படகுக்கு வைத்தியக் காலம். வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும் சுரண்ட வேண்டும். புழு துளைத்த பலகையை மாற்ற வேண்டும். பலகைச் சந்துகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். எஞ்சினை இறக்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். படகு முதலாளிகளான சம்மாட்டிகள் இந்த வேலைகளைத்தான் விரல்விட்டு எண்ணுவார்கள், கூலி பேசுவார்கள். படகு எதன்மேல் நிற்கப்போகிறது என்ற பேச்சு அநேகமாக வருவதே இல்லை. "நாலு கட்டையப் போட்டு நிறுத்துங்க மேஸ்திரி, வேலையப் பாருங்க" என்பதோடு அது முடிந்துவிடும்.

இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்புகிற ஒன்று, அந்த நாலு கட்டைதான் முதல் வேலை என்பது. அது தப்பினால், அதற்குமேல் செய்கிற வேலை எல்லாமே தப்பின உருவத்தின்மேல் செய்த வேலையாகிவிடும்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. படகு கட்டும் ஓடாவி. வாயால் அதிகம் சொல்லமாட்டார், கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். முட்டு கொடுப்பதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, முட்டு தூக்காது, புடிச்சுக்கும். தூக்குறது ஏரா." ஏரா என்பது படகின் அடியில் அணியத்திலிருந்து கடையால் வரை, முன்முனையிலிருந்து பின்முனை வரை, ஓடும் முதுகெலும்பு மரம். அதன்மேல்தான் விலா எலும்புகள் போல வங்குகள் எழும்பும், வங்குகளின்மேல் பலகை. படகைப் பெற்றெடுக்கும்போதும் முதலில் ஏராவைத்தான் கிடத்துகிறோம். எனவே, கரையில் படகின் எடை முழுவதும் ஏரா வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் முட்டுகளுக்கு ஒரே வேலை, படகு எந்தப் பக்கமும் சாயாமல் பிடித்துக்கொள்வது.

கடலில் மிதக்கும்போது படகின் அடிமேனி முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. ஒரு உள்ளங்கை அகலம் பாக்கியில்லாமல் ஒவ்வொரு இடத்தையும் அது கீழிருந்து ஏந்துகிறது. கரையில் அந்தத் தண்ணீர் இல்லை. அதன் வேலையை ஏராவுக்கு அடியில் வைக்கும் 9 அடுக்குக் கட்டையும் 10 முட்டும் செய்தாக வேண்டும். பலகை வெறும் தோல்தான். தண்ணீரின் பரந்த அழுத்தத்துக்கு அது பழகியிருக்கிறது. ஒரு கட்டையின் முனை குத்துகிற குத்துக்குப் பழகவில்லை.

இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம்பியது பட்ட பிறகுதான். தனியாக வேலை எடுத்த முதல் வருடம், 38 அடி படகு ஒன்றைக் கரையேற்றினேன். கடையால் பக்கம் ஏராவுக்கு அடியில் அடுக்கு கொஞ்சம் தாழ்ந்துபோயிருந்தது. அதைத் திரும்ப எழுப்பாமல், பக்க முட்டுகளை ஆப்படித்து இறுக்கினால் சரியாகிவிடும் என்று இறுக்கினேன். படகு நிமிர்ந்துதான் நின்றது. மூன்றாவது வாரம் வீல் ஹவுஸ் கதவு மூடவில்லை. கடலில் ஒரு விரலால் தள்ளினால் மூடுகிற கதவு. பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். அவர் வெளியே எதையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே இறங்கினார். டார்ச்சை வாங்கி இடதுபுறம் ஒரு வங்கைக் காட்டினார். முட்டு தொட்ட இடத்துக்கு நேர் உள்ளே பலகை அரை அங்குலம் உள்வாங்கியிருந்தது. பக்கத்து வங்கில் நீளவாக்கில் ஒரு விரிசல். "உள்ள தெரியாதவன் வெளிய முட்டு குடுக்கக் கூடாதுடா" என்றார். அந்த வங்கை மாற்றிக் கொடுத்தேன், அந்தப் படகின் வேலைக்குக் கூலி வாங்கவில்லை. அன்றிலிருந்து கதவு எனக்கு ஒரு அளவுகோல். படகு ஏறிய அன்றைக்கு ஒருமுறை, மறுவாரம் ஒருமுறை, கதவையும் மீன் அறையின் மூடியையும் திறந்து மூடிப் பார்ப்பேன். அவை பிடித்தால் படகு முறுகியிருக்கிறது என்று பொருள்.

தொடக்கம் தரையில்தான். எங்கள் கரை மணல். காய்ந்த மணல் பார்வைக்கு நயமாக இருக்கும், சுமை ஏறினால் விலகி ஓடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 42 அடி மரப்படகு ஒன்றின் டீசலையும் ஐஸையும் வலையையும் இறக்கிவிட்ட பின் எடை 15 டன் என்று வைத்துக்கொள்வோம். 9 அடுக்குகளில் அது பகிர்ந்தால் ஒன்றுக்கு 1,600 கிலோவுக்கு மேல். அடுக்கின் அடிக்கட்டைகள் இரண்டரை அடி நீளம், இரண்டும் சேர்ந்து 8 அங்குல அகலம் என்றால், ஒவ்வொரு சதுர அடி மணலின் மேலும் ஏறத்தாழ 1,000 கிலோ அழுத்தும். அதே அடுக்கின் கீழே மூன்றடிக்கு ஒன்றரை அடி கனத்த பலகை ஒன்றைக் கிடத்திவிட்டால் அது 370 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு பலகை செய்கிற உதவி அது. மேல் மணலை வழித்து எடுத்து, ஈர மணல் தெரியும்வரை தோண்டி, தண்ணீர் ஊற்றித் திமிசு போட்ட பிறகுதான் பலகையைக் கிடத்துவேன். மழைத் தண்ணீர் ஓடி வரும் தடம் எங்கே என்றும் பார்க்க வேண்டும். ஒரு நல்ல கோடை மழை, அடுக்கின் கீழிருந்து ஒரு கூடை மணலை அரித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது அடுக்கு. கீழே இரண்டு கட்டை நெடுக்கே, மேலே இரண்டு குறுக்கே என்று மாற்றி மாற்றி அடுக்குவோம். ஒரே கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி அதன்மேல் ஏராவை உட்காரவைப்பதை எங்கே கண்டாலும் தடுத்துவிடுவேன். அது உருண்டாலும் பிளந்தாலும் தப்பிக்க நேரம் கிடைக்காது. அடுக்கின் உயரம், ஒரு ஆள் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுரண்டவும் சுத்தியலை வீசவும் போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டு, இரண்டரை அடி. கருவேலம், வேம்பு, பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை எல்லாம் நல்லவை. தென்னையை அடுக்குக்கு வைக்கமாட்டேன். அதன் வெளிவட்டம்தான் வைரம், உள்ளே சோறு. நனைந்து காய்ந்து நனைந்தால் உள்ளிருந்து உளுத்து, ஒருநாள் சொல்லாமல் நசுங்கும்.

அடுக்கின் உச்சியில் மட்டும் மென்மையான மரம் வேண்டும். இரண்டங்குல மாம்பலகை போதும். கடினமான ஏராவும் கடினமான கருவேலமும் நேருக்கு நேர் சந்தித்தால், எது உயர்ந்திருக்கிறதோ அந்த ஒரு புள்ளியில் மொத்தச் சுமையும் நின்றுவிடும். நடுவில் மாம்பலகை இருந்தால் அது கொஞ்சம் நசுங்கி, ஏராவின் மேடு பள்ளத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். நசுங்க வேண்டியது அந்தப் பலகைதான், ஏரா இல்லை. வேலை முடிந்ததும் அதைப் புரட்டிப் பார்ப்பேன். ஏராவின் தடம் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் மனசு நிறையும்.

ஒன்பது அடுக்கும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அவை ஏராவின் கோட்டில் இருக்க வேண்டும். பழைய படகின் ஏரா நூல் பிடித்ததுபோல் நேராக இருப்பது அபூர்வம். அணியத்திலும் கடையாலிலும் மிதப்பு குறைவு, எடையோ அங்கேயும் இருக்கிறது. அதனால் வருடக்கணக்கில் இரண்டு முனையும் சற்றுத் தொங்கி, நடுமுதுகு எழும்பிவிடும். அப்படிப்பட்ட படகை நேர்மட்டமான அடுக்குகளின்மேல் இறக்கினால் முனைகள் மட்டும் தரைதட்டி, நடுவில் காற்று ஓடும். அது ஒரே நாளில் நடுவில் இறங்கி உட்காரப் பார்த்தால் பலகைச் சந்துகள் எல்லாம் வாய் திறந்துவிடும். எனவே அது எப்படி வருகிறதோ அப்படியே முதலில் ஏந்திக்கொள்ள வேண்டும். இரண்டு முனைக்கும் நூல் கட்டி, ஒவ்வொரு அடுக்கின் இடத்திலும் ஏரா எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்கு நடு அடுக்குகளை உயர்த்துவேன். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். நிமிர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், நடுவில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மெல்லிய சீவல் பலகை ஒன்றை உருவிக்கொண்டே, மரத்தைக் கேட்டுக் கேட்டு இறக்க வேண்டும். 30 வருடத்தில் வளைந்ததை மூன்று நாளில் நிமிர்த்தக் கூடாது.

எஞ்சின் இருக்கும் இடத்துக்குக் கீழே அடுக்குகளை நெருக்கி வைப்பேன். அங்கே எடை அதிகம். அணியம் மற்ற இடங்களைவிட நான்கைந்து அங்குலம் உயரமாக இருக்கட்டும். மழை பெய்தால் தண்ணீர் தானாகக் கடையாலுக்கு ஓடி, வடிகால் ஓட்டை வழியே போய்விடும். ஷாஃப்டின் கப்ளிங்கைக் கரையேறிய அன்றைக்கே கழற்றிவிடுவது நல்லது. நாம் எவ்வளவு கவனமாக நிறுத்தினாலும் கரையில் படகின் உருவம் கடலில் இருந்த உருவம் இல்லை. ஷாஃப்டை எஞ்சினோடு நேர்படுத்துகிற கடைசி வேலையைப் படகு மிதந்த பிறகு, மரம் தண்ணீரில் ஊறிய பிறகு செய்ய வேண்டும்.

இப்போது முட்டு. ஐந்தாறு அங்குலப் பருமனுள்ள சவுக்குக் கட்டை. முட்டை எங்கே கொடுப்பது என்பதில்தான் ஆளின் தொழில் தெரியும். பலகையின் நடுவில் கொடுத்தால், என் முதல் படகுக்கு நேர்ந்ததுதான் நேரும். வங்கு இருக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வங்கைக் காண இரண்டு வழி. பெயின்ட்டைச் சுரண்டினால், பலகையை வங்கோடு பிணைத்த ஆணித்தலைகள் மேலிருந்து கீழே வரிசையாகத் தெரியும். அந்த வரிசைதான் வங்கு. இன்னொன்று, கொட்டாப்புளியால் பலகையை நெடுக்கே தட்டிக்கொண்டே போவது. வங்குகளுக்கு நடுவில் பறை போலக் காலியாகக் கேட்கும். வங்கின்மேல் வந்ததும் சத்தம் கெட்டியாகி நின்றுவிடும். இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, மூன்று வங்குகளை ஒருசேரத் தொடுகிற நீளத்தில் ஒரு அணைப்பலகையை வைப்பேன். பலகைக்கும் படகுக்கும் நடுவே இரண்டு மடிப்புச் சாக்கு. அணைப்பலகையின் நடுவில்தான் முட்டின் தலை வந்து சேரும்.

உயரம், படகின் அடி வளைந்து பக்கமாக ஏறும் இடம். அந்த வளைவுதான் உடம்பிலேயே உறுதியானது. சாய்வைப் பொறுத்தவரை, முட்டு எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தின் மேனிக்குக் குத்தாக இருக்க வேண்டும். ரொம்பச் செங்குத்தாக வைத்தால் அது தாங்க ஆரம்பித்துவிடும். ரொம்பக் கிடையாக வைத்தால் கால் சறுக்கும். காலுக்குக் கீழே அகலமான பலகை, அந்தப் பலகையில் முட்டின் கால் நழுவாதபடி அறைந்த ஒரு தடைக்கட்டை. இறுக்குவதற்கு இரட்டை ஆப்பு. எதிரும் புதிருமாக வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். இடப்பக்கத்து ஆப்புக்கு ஒரு அடி, வலப்பக்கத்து ஆப்புக்கு ஒரு அடி. இரண்டு பேர் நின்று, ஒருவர் "ம்" என்றால் மற்றவர் அடிப்பது எங்கள் வழக்கம். எவ்வளவு இறுக்கம் என்று புத்தகத்தில் எழுத முடியாது. அணைப்பலகைக்குப் பின்னால் உள்ள சாக்கை விரல்களால் பிடித்து இழுத்தால் வரக் கூடாது. உள்ளே போய்ப் பார்த்தால் பலகை ஒரு நூல்கூட உள்வாங்கியிருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இறுக்கம் உண்டு. அதைக் கை கற்றுக்கொள்ளும்.

எதிரெதிர் முட்டுகளின் கால்களை ஏராவுக்கு அடியில் சங்கிலியால் பிணைத்துவிடுவேன். ஒரு கால் வெளியே நகரப் பார்த்தால் மறு கால் அதை இழுத்துப் பிடிக்கும். நைலான் கயிறு இதற்கு ஆகாது, நீண்டு தளர்ந்துவிடும். எங்கள் படகுகள் அணியம் கரையைப் பார்த்து, தெற்குமுகமாக ஏறி நிற்கும். வைகாசியில் காற்று தென்மேற்கிலிருந்து எழும்பும்; ஆனியில் அது நிற்காமல் வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகின் பக்கத்தைத் தள்ளுகிற விசை நான்கு மடங்கு ஆகும். அதனால் காற்று ஒதுங்கும் கிழக்குப் பக்கத்தில் இரண்டு முட்டு கூடுதலாக நிற்கும். தார்ப்பாயின் கயிற்றை மட்டும் யாரும் முட்டில் கட்டவிடமாட்டேன். காற்றில் பாய் படபடக்க, அந்த ஆட்டம் கயிறு வழியாக முட்டுக்கு வந்து, ஒரே இரவில் ஆப்பை வெளியே தள்ளிவிடும். ஏணியையும் முட்டில் சாய்க்கக் கூடாது.

ஃபைபர் படகுக்கு வேறு பாடம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த எத்தனையோ கரைகளில் ஃபைபர் படகுகள் வந்து நின்றன. மரத்தை ஆண்ட தலைமுறைக்கு அதன் குணம் புதிது. மரம் வலித்தால் முனகும், விரியும், காட்டிக்கொடுக்கும். ஃபைபர் சத்தமில்லாமல் இணங்கிப்போகும். இரண்டு கல்லின்மேல் இரண்டு மாதம் உட்காரவைத்தால் அந்தக் கல்லின் உருவத்தை உள்வாங்கிக் குழிந்துவிடும். மேற்பூச்சில் நட்சத்திரம் போலக் கீறல் ஓடும். அதற்கு முட்டைவிடத் தொட்டில்தான் பொருத்தம். படகின் அடி வளைவுக்குச் சரியாக வெட்டிய இரண்டு குறுக்குப் பலகைகள், ஒன்று முன்பக்கத் தடுப்புக்கு நேர் கீழே, மற்றது எஞ்சின் மாட்டும் பின்பக்கத்துக்குச் சற்று முன்னால். இரண்டையும் நெடுக்குக் கட்டைகளால் பிணைத்துவிட்டால் தொட்டில்.

அந்த வளைவைப் பலகையில் எடுக்கிற முறை எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டில் எங்கே தொட வேண்டுமோ அங்கே, படகின் அடியை ஒட்டிப் பலகையை நிற்கவைத்துக் கட்ட வேண்டும். அது ஏராவை மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் இடைவெளியோடு நிற்கும். ஒரு சிறு கட்டையில் பென்சிலைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன். அந்த இடைவெளியில் எது மிக அகலமோ அந்த அளவுக்குக் கட்டையின் நீளம். கட்டையின் ஒரு முனை படகின் மேனியை விடாமல் தடவிக்கொண்டே போக, மறுமுனையில் பென்சில் பலகையில் கோடு இழுத்துக்கொண்டே வரும். படகின் ஒவ்வொரு நெளிவும் அந்தக் கோட்டில் அப்படியே இறங்கிவிடும். பலகையை அவிழ்த்துக் கோட்டில் அறுத்து, திரும்ப வைத்தால் நகம் நுழையாது. பிறகு சாக்கோ பழைய டயர் பட்டையோ அறைவதற்காக அரை அங்குலம் கூட்டிச் செதுக்குவேன். படகின் உடம்பைக் கையால் தடவிப் படிக்கிற வேலை அது.

மூடாத வள்ளத்துக்கும் ஃபைபர் படகுக்கும் பெரிய எதிரி, உள்ளே தேங்கும் மழை. 30 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள வள்ளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து தேங்கினால் ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர். அந்த எடை ஒரு இடத்தில் நிற்காது, சாய்ந்த பக்கம் ஓடும். வடிகால் மூடியைக் கழற்றி வைக்க வேண்டும், கழற்றிய மூடியைச் சுக்கான் பிடியில் கட்டித் தொங்கவிட வேண்டும். கடலில் இறக்கும் அவசரத்தில் அதை மறந்தவர்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் சின்னப் படகுகளைத் தொட்டிலிலிருந்தே இறக்கி, கரையில் இன்னும் மேலே கொண்டுபோய், மணலிலேயே உட்காரவைத்து, ஆழப் புதைத்த கட்டையோடு கட்டிவிடுவது மேல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, கரையில் நின்ற படகுகளும் தப்பவில்லை. தொட்டில் எடைக்குத்தான் பதில் சொல்லும். காற்றுக்கும் ஏறிவரும் கடலுக்கும் கயிறுதான்.

மரப்படகுக்கு எதிரி வெயில். சித்திரை பிறக்கும் வாக்கில் எங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் ஆனி வரை உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்திருக்கும். கடையால் பலகை வடக்கைத்தானே பார்க்கிறது, அதற்கு வெயில் வராது என்று மறைக்காமல் விடுவார்கள். இந்த இரண்டு மாதமும் நடுப்பகல் வெயில் அதன்மேல்தான் வழியும். பலகை காய்ந்தால் சுருங்கும், சந்து விரியும். மேற்குப் பக்கத்துக்கும் கடையாலுக்கும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவோம், தட்டி படகைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நிற்கும். உள்ளே ஈரச் சாக்கு போட்டு, மாலையில் கடல் தண்ணீர் தெளிப்போம். நல்ல தண்ணீர் கூடாது. அது மரத்தை உளுத்துப்போக வைக்கும். எலும்பாகக் காய்ந்த படகில் விரிந்த சந்து முழுக்கப் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்துவிட்டால், கடலில் இறங்கியதும் பலகை ஊதி, போக இடமில்லாமல் ஆணியையும் வங்கையும் நெட்டித் தள்ளும். நிழலில் நிற்கிற படகுக்குத்தான் சரியான அளவு பஞ்சு எது என்று தெரியும். கலப்பத்து அடித்த நாளின் மாலையில் முட்டுகளை மறுபடி தட்டிப் பார்ப்பேன். நாள் முழுக்க விழுந்த சுத்தியல் அடியில் ஆப்புகள் நகர்ந்திருக்கும்.

பெயின்ட் அடிக்கும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், முட்டை யாரும் தொடக் கூடாது என்று. அணைப்பலகை மறைத்த இடத்துக்கும் பெயின்ட் வேண்டும்தான். "அண்ணே, ஒரு நிமிஷம் எடுத்துட்டு வச்சிரலாம்ணே" என்பார்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் தருவதில்லை. பக்கத்து வங்கில் புது முட்டைக் கொடுத்து இறுக்கிய பிறகுதான் பழையது வெளியே வரும்; ஒரு நேரத்தில் ஒன்றுதான்; அதையும் நானே செய்வேன். அடியில் மனுசன் படுத்திருக்கிறான்.

ஜூன் இரண்டாம் வாரம் படகு இறங்கும். நிறுத்தியதற்கு நேர் எதிர்முறையில், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஆப்பைத் தளர்த்துவோம். ஜாக்கியால் அணியத்தை இரண்டங்குலம் தூக்கி, அடுக்கில் ஒரு கட்டையை உருவி, கடையாலுக்குப் போய் இரண்டங்குலம் தூக்கி, அங்கே ஒரு கட்டையை உருவி, இப்படியே படிப்படியாக ஏராவை உருளைகளின்மேல் இறக்குவோம். இறங்கின முதல் இரவு நான் படகிலேயே படுப்பேன். பம்பு ஓடிக்கொண்டிருக்கும். சந்துகள் கொஞ்சம் கசியும்; மரம் தண்ணீர் குடிக்கக் குடிக்கக் கசிவு குறைந்து, விடியும்போது அநேகமாக நின்றிருக்கும். வீல் ஹவுஸ் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பேன்.

காலையில் கரைக்கு வந்து கட்டைகளைச் சேர்ப்பேன். அணியத்திலிருந்து 1, 2, 3 என்று ஒவ்வொரு அடுக்குக்கும் பெயின்ட்டில் எண் போட்டிருக்கிறது. அந்தப் படகின் கட்டைகள் அடுத்த வருடம் அதே படகுக்கு, அதே இடத்துக்கு. அடிப்பலகைகளைத் தூக்கியதும் மணலில் ஒன்பது பதிவுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் குச்சியை வைத்து ஆழம் பார்ப்பேன். ஒன்பதும் ஒரே ஆழம் என்றால் கரையில் நின்ற நாளெல்லாம் படகு தன் எடையைச் சமமாகப் பரப்பி உட்கார்ந்திருந்தது என்று பொருள். இந்த வருடம் ஏழாவது மட்டும் முக்கால் அங்குலம் கூடுதல். எஞ்சினுக்குக் கீழே உள்ளது. நோட்டை எடுத்து, அந்தப் படகின் பெயருக்குக் கீழே எழுதினேன்: "ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு வேண்டும்."